முக்காடு போட்ட மாதா

பிரான்சுவா பயந்தது இரண்டுக்குத்தான். ஒன்று ஐப்பசி மாதத்துக் கடல். இன்னொன்று அவன் பெண்சாதி அந்தோணிமேரியின் வலது கட்டைவிரல். கடலுக்குப் பயப்படுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. குருசுக்குப்பத்தில் பயப்படாதவன் யார்? கட்டைவிரல் விஷயத்தைத்தான் அவன் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

அந்தோணிமேரி கடற்கரையை ஒட்டிய வெள்ளைக்காரத் தெருவில், ஒரு பிரெஞ்சுக்கார மதாம் வீட்டில் வெள்ளிச் சாமான் துலக்கினாள். கரண்டி, முள்கரண்டி, தட்டு, காப்பிக் கூஜா, மெழுகுவர்த்தித் தண்டு என்று அலமாரி நிறைய வெள்ளி. கடல் காற்று படுகிற ஊரில் வெள்ளி ஒரு வாரம் தாங்காது, கறுத்துவிடும். சீமைச்சுண்ணாம்பை இடித்துச் சலித்து, பழைய வேட்டித் துணியில் தொட்டுக் காலையிலிருந்து மத்தியானம் வரை தேய்ப்பாள். தேய்த்துத் தேய்த்துக் கட்டைவிரலில் ரேகையே இல்லாமல் போய்விட்டது. ஆனால் அந்த விரலுக்குத் தெரியாத சாமான் அந்த வீட்டில் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு காம்பின் பின்புறம் விரலை வைத்தால் போதும், எது மதாமின் மாமியார் கொண்டுவந்தது, எது பிற்பாடு வாங்கியது என்று சொல்லிவிடுவாள்.

காரணம், ஒவ்வொன்றின் பின்னாலும் இரண்டு முத்திரைகள் இருந்தன. ஒன்று, சிக்குக் கோலத்தில் வருவதுபோல் முனையில் நிற்கும் சின்னக் கட்டம். உள்ளே இரண்டு எழுத்தும் நடுவில் ஒரு பூவோ நட்சத்திரமோ இருக்கும். அது செய்தவனின் அடையாளம், ஆளுக்கு ஆள் மாறும். மற்றது எல்லாச் சாமானிலும் ஒன்றுதான். மிளகளவு ஒரு பெண்தலை, பக்கவாட்டில் பார்த்தபடி, உச்சியில் எதையோ கவிழ்த்துக்கொண்டிருக்கும்.

அது மாதாவின் தலை என்று அந்தோணிமேரி முடிவு செய்திருந்தாள். யாரையும் கேட்கவில்லை. கேட்பானேன்? பெண்தலை, வெள்ளைக்கார தேசத்துச் சாமான், உச்சியில் இருப்பது கிரீடம். வேறு யாராக இருக்க முடியும்? "சோறு அள்ளித் துன்ற கரண்டியில கூட மாதாவ வெச்சிருக்காங்க பாரு. நம்ம ஜனம் கோயில் மணி அடிச்சாத்தான் நெனைக்குது" என்று குப்பத்துப் பெண்களிடம் குறைப்பட்டுக்கொள்வாள். அது மாதா அல்ல. வெள்ளி சுத்தமானது என்று காட்டுவதற்காகப் பிரெஞ்சு சர்க்கார் அடித்துக் கொடுக்கிற முத்திரை. பழைய காலத்து அஞ்ஞான தேவதை ஒருத்தி, சண்டைக்குப் போகிற இரும்புக் குல்லாவோடு. மதாமுக்கு இது தெரியும். ஆனால் தன் வேலைக்காரி ஒவ்வொரு கரண்டியையும் துலக்கி முடித்ததும் அதன் பின்பக்கத்தை உதட்டில் ஒற்றி முத்தி செய்துதான் அடுக்குகிறாள் என்பது மதாமுக்குத் தெரியாது.

தாயின் இந்தப் பக்தி மகன் தனிஸ்லாசுக்கு அத்துப்படி. ஒரே பிள்ளை. சைகோனில் ஒரு வியாபாரியின் கிடங்கில் வேலை பார்த்தான். எழுதுவதில் மகா சோம்பேறி. சேதியெல்லாம் கப்பல் சமையற்கட்டில் வேலை செய்யும் கொளஞ்சியின் வாய்வழியாகத்தான் வரும். ஆனால் வருஷா வருஷம் ஆகஸ்டு மாத மாதா திருநாளுக்கு முன்னால், தாய்க்கென்று ஒரு வெள்ளிக் கரண்டி தவறாமல் வந்துவிடும். பின்னால் மாதா தலை இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குவானாம். இதுவரை மூன்று வந்திருந்தன. அவற்றை அவள் தகரப்பெட்டியில் துணி சுற்றி வைத்து, சாவியை இடுப்பில் செருகியிருந்தாள்.

பிள்ளையைக் கப்பல் ஏற்றியது பிரான்சுவாதான். அவன் கடல்பாலத்தில் மூட்டை இறக்குகிற கூட்டத்துக்கு மேஸ்திரி. கப்பல் தூரத்தில் நிற்கும். சலங்குப் படகில் சரக்கு வந்து சேரும். நிலக்கடலை மூட்டையும் துணிப்பொதியும் ஏற்றி இறக்கியே அவன் தோளில் காய்ப்புக் காய்த்துவிட்டது. "என் முதுகு போனது போதும், அவன் முதுகாச்சும் நிமிந்து இருக்கட்டும்" என்று ஒற்றைக்காலில் நின்றான். அந்தோணிமேரி அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். கடைசியில் கண்ணையன் பத்தர் கடையில் மாதா சுரூபம் என்கிற வெள்ளிப் பதக்கம் ஒரே மாதிரி இரண்டு வாங்கி, கோயிலில் மந்திரித்து, ஒன்றைப் பிள்ளையின் கழுத்திலும் ஒன்றைத் தன் கழுத்திலும் கட்டினாள். கப்பல் புகை மறைந்த பிறகு புருஷனிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"புள்ளைக்கு அங்க ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா, உங்க கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டேன்."

பஞ்சாலை வாசலில் துப்பாக்கிச் சூடு நடந்த வருஷத்து மழைக்காலத்தில் கொளஞ்சி வந்தான். பாலத்தின் முனையில், தூறலில், பிரான்சுவாவைத் தனியாகக் கூப்பிட்டான். ஜுரம் என்றான். அங்கே அந்த ஜுரம் வந்தால் ஆள் தங்குவதில்லை என்றான். பிறகு மடியிலிருந்து கறுப்புக் கயிறோடு சுரூபத்தை எடுத்துக் கொடுத்தான். "வூட்டுல நீயே சொல்லிக்க மாமா. ஆயா மூஞ்சிய பாத்து என்னால சொல்ல முடியாது" என்றான். பாசத்தில் அந்தோணிமேரியை ஆயா என்பான் அவன்.

பிரான்சுவா அன்றைக்கும் மூட்டை எண்ணினான். அழவில்லை. மழை பெய்துகொண்டிருந்ததால், அழுதிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. வீட்டுக்கு வந்தபோது அவள் கருவாட்டுக் குழம்புக்கு வடகம் தாளித்துக்கொண்டிருந்தாள். "கொளஞ்சி கப்பல் வந்துச்சாமே, புள்ள இன்னா சொல்லி அனுப்புனான்?" என்றாள். "சொகமா கீறானாம்" என்று அவன் வாயிலிருந்து வந்துவிட்டது. அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு திரும்பிப் போக அவனுக்கு வழி தெரியவில்லை.

கிறிஸ்மஸ் முடியட்டும் என்று இருந்தான். அவள் மகன் பேரைச் சொல்லிக் குடிலுக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றினாள். தபசுகால நோன்பு முடியட்டும் என்று இருந்தான். அவள் வெள்ளிக்கிழமைதோறும் ஒருவேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருந்தாள். உயிர்ப்புத் திருநாளான பாஸ்கு வந்தது, அவள் மகனுக்கு வேட்டி எடுத்து வைத்தாள். பிள்ளையின் ஆத்துமத்துக்கு ஒரு பூசை வைக்கலாமென்றால், சாமியார் பூசையில் பேரைப் படிப்பார். பேரைப் படித்தால் குப்பம் முழுக்கத் தெரிந்துவிடும். சுரூபத்தை இடுப்பில் முடிந்துகொண்டே திரிந்தான். இப்படியே ஆடியும் வந்துவிட்டது. கரண்டி வரவேண்டிய நேரம்.

கண்ணையன் பத்தர் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. அவர் இந்துதான் என்றாலும் பாதிப் பிழைப்பு வேதக்காரர்களால். வேளாங்கண்ணிக்கும் வில்லியனூருக்கும் நேர்ந்துகொண்டவர்களுக்கு வெள்ளியில் கண், கால், தொட்டில் எல்லாம் அடித்துக் கொடுப்பார்.

"கரண்டியா?" என்றார் பத்தர். "கொலுசு அடிப்பேன், அரைஞாண் அடிப்பேன். கரண்டி அடிச்சதில்லையே மேஸ்திரி."

"பெரிய வித்தையா பத்தரே? ஒரு குழி, ஒரு காம்பு."

"பாத்து அடிக்கப் பழசு ஒண்ணு கொண்டாங்களேன்."

"அது அவ பெட்டியில இருக்குது. சாவி அவ இடுப்புல இருக்குது."

"அப்ப எப்டிங்க?"

"காம்புக்குப் பின்னால சின்னதா மாதா தலை ஒண்ணு இருக்கணும். அவளுக்கு அதான் முக்கியம். மத்தது எப்டி இருந்தாலும் போவட்டும்."

பத்தர் சிரித்தார். "மாதா தலைதானே? அத என்கிட்ட விடுங்க. எங்கப்பா காலத்துலேருந்து அடிக்கிறோம். நான் அடிச்ச மாதா இந்தப் பட்டணத்துல எத்தினி கழுத்துல தொங்குதுன்னு எனக்கே தெரியாது."

பிரான்சுவாவும் அந்தத் தலையை உற்றுப் பார்த்ததில்லை. மாதா என்று பெண்சாதி சொன்னாள், அவனுக்கு மாதாதான். இரண்டு பேருமே தெரிந்த விஷயத்தைப் பேசுகிற நிச்சயத்தோடு பேசிக்கொண்டார்கள். அதற்கப்புறம்தான் அவன் மடியை அவிழ்த்துச் சுரூபத்தைப் பலகையில் வைத்தான். "இதையும் சேத்து உருக்கிடுங்க."

பத்தர் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இது நான் அடிச்சதாச்சே. தம்பி கப்பல் ஏறுறப்ப மேரியக்கா ரெண்டு வாங்கிச்சே, அதுல..." என்றவர் நிறுத்திக்கொண்டார். குமிட்டி அடுப்பில் கரி வெடித்தது. சுரூபத்தைத் திரும்பப் பலகையில் வைத்துவிட்டு, "மந்திரிச்சதுங்களே, உருக்கலாமா?" என்றார்.

"வூட்டுல வெச்சா கண்டுபுடிச்சிடுவா. கடல்ல போட்டுடலாம்னு பாலத்து முனை வரைக்கும் போனேன். கை வரல. எப்டியாச்சும் அவ கையில போய்ச் சேரட்டும் பத்தரே."

உருக்கும்போது பத்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிரான்சுவா பார்த்துக்கொண்டுதான் இருந்தான். மூசைக் கிண்ணத்தில் முதலில் முகம் போயிற்று, அப்புறம் வளையம்.

திருநாளன்று அந்தோணிமேரி பூசை பார்த்துவிட்டு வந்து கோழி அடித்தாள். மதாம் வீட்டில் கொடுத்த ரொட்டியும் இருந்தது. சாப்பிட உட்கார்ந்தபோது பிரான்சுவா கரண்டியை எடுத்து நீட்டினான். "கொளஞ்சி பாலத்துலயே குடுத்துட்டுப் போயிட்டான். கப்பல் அவசரமா கெளம்புதாம்" என்றான்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். துணியைப் பிரிக்கும்போதே கட்டைவிரல் காம்பின் பின்பக்கம் போய்விட்டது. போனது அங்கேயே நின்றது.

"இன்னாங்க, கட்டம் இல்லையே?"

"புதுக் கடையா இருக்கும்."

"மாதாவும் வேற மாதிரி கீறாங்களே." அவள் எழுந்து வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். பிரான்சுவாவுக்குச் சோற்றில் வைத்த கை அப்படியே இருந்தது. வாசலிலிருந்து ஒரு கூச்சல் வந்தது. "ஐயோ, என் தாயே! முக்காடு போட்டிருக்காங்க! நேரா என்னையே பாக்குறாங்க! இத்தினி வருஷமா ஒருபக்கமா திரும்பிக்கினு இருந்தவங்க, இந்த வருஷம் திரும்பிப் பாத்துட்டாங்க!"

அவள் சந்தோஷப்பட்டது அவனுக்கு உயிரே திரும்பி வந்ததுபோல இருந்தது. பிழைத்தோம் என்று நினைத்தான். பக்கத்து வீட்டு ஆயம்மாவிடம் காட்டினாள், அவள் மருமகளிடம் காட்டினாள், தண்ணீருக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினாள். "என் புள்ள பாத்துப் பாத்து வாங்கியிருக்கான்" என்றாள். அன்றைக்கு ராத்திரி புருஷனுக்கு ஈரல் துண்டை எடுத்து வைத்தாள். கல்யாணமான புதிதில் அப்படி வைத்ததோடு சரி. பிரான்சுவா அதை மெல்லாமல் விழுங்கினான்.

மறுநாள் கப்பல் இல்லை. அவன் வலைக்காரர்களோடு மரத்தடியில் பேசிவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது, அந்தோணிமேரி அதற்குள் வேலையிலிருந்து திரும்பிச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு மூட்டவில்லை. கழுத்துச் சுரூபத்தைக் கயிற்றோடு கழற்றித் தரையில் வைத்திருந்தாள். பக்கத்தில் கரண்டி, குப்புற.

"மதாமுக்குக் காட்டலாம்னு எடுத்துக்கினு போனேன்" என்றாள், அவனைப் பார்க்காமலே. "இது சீமைக் கரண்டி இல்லையாம். இந்த ஊர்ல எவனோ அடிச்சதாம். சீமைக் கரண்டியில இருக்கிறது மாதாவே இல்லையாம். எவளோ அஞ்ஞானத்தியாம், பேரு மினெர்வாம். அவ போட்டிருக்கிறது சண்டைக்குப் போற சொல்தா போடுற குல்லாவாம். மதாம் சிரிச்சிச்சு. அப்பறம் என் மூஞ்சிய பாத்துட்டு நிறுத்திக்கிச்சு."

பிரான்சுவா நின்றுகொண்டே இருந்தான். "சைகோன்ல கடைக்காரன் ஏமாத்திட்டிருப்பான்" என்றான்.

"நானும் அப்டித்தான் நெனைச்சேன். வர்ற வழியெல்லாம் அப்டியே இருக்கணும்னு வேண்டிக்கினு வந்தேன். இங்க வாங்க."

அவன் போய்க் குந்தினான். அவள் அவன் கையைப் பிடித்து, அவன் கட்டைவிரலைச் சுரூபத்தின் மேல் வைத்து அழுத்தினாள். பிறகு கரண்டியின் மேல் வைத்து அழுத்தினாள். மூட்டை தூக்கிக் காய்த்துப்போன விரல், அதற்கு ஒன்றும் தெரியவில்லை.

"முக்காட்டுக்கு எடது ஓரத்துல ஒரு உடைசல் இருக்குது. ரெண்டுலயும் இருக்குது. பத்தரோட அச்சுல இருக்கிற உடைசல். சைகோன்ல எப்டி வந்துச்சு கண்ணையன் அச்சு?"

அவன் விரலை இழுத்துக்கொண்டான்.

"நீங்க அடிக்கச் சொன்னீங்க."

"ஆமா."

"புள்ள அனுப்பலன்னு அடிக்கச் சொன்னீங்களா, புள்ள இல்லன்னு அடிக்கச் சொன்னீங்களா?"

வெளியே ஆயம்மா கோழியை விரட்டுகிற சத்தம் கேட்டது. பிரான்சுவா தலையைக் குனிந்துகொண்டான். அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அவள் மாரில் அடித்துக்கொள்ளவில்லை. வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. பிறகு, "எப்ப?" என்றாள்.

"போன மழைக்கு. ஜுரம்."

"போன மழைக்கு." அவள் அதைத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். "அப்ப நான் குடிலுக்கு மெழுகுவத்தி ஏத்துனப்ப அவன் இல்ல. வேட்டி எடுத்தப்ப இல்ல. நீ பாத்துக்கினு நின்ன."

கல்யாணமானதிலிருந்து அவள் அவனை நீ என்று சொன்னதில்லை.

"எப்டி சொல்றதுன்னு தெரியல மேரி. நீ அன்னிக்கு சொன்ன சொல்லு..."

"என் சொல்லுக்குப் பயந்தியா? என் புள்ள ஆத்துமா பாவம் தீர உத்தரிக்கிற ஸ்தலத்துல நிக்குது. எங்கம்மா எனக்கு ஒரு பூசை வெப்பா, ஒரு செபமால சொல்லுவான்னு பாத்துக்கினு நிக்குது. நான் இங்க அவனுக்கு ஒடம்பு சொகம் குடு, நல்ல பொண்ணு குடுன்னு வேண்டிக்கினு கெடந்தேன். செத்தவனுக்குப் பொண்ணு கேட்டுக்கினு கெடந்தேன்யா!" குரல் உடைந்தது. "அதுவும் யாருகிட்ட? அந்தக் குல்லாக்காரிகிட்ட. எத்தினி கரண்டிக்கு முத்தி வெச்சேன்! எவளோ ஒருத்திய மாதான்னு கும்புட்டா, மாதா எப்டி என் புள்ளைய பாத்துக்குவாங்க?"

பிரான்சுவா அப்படி இல்லை மேரி என்று சொல்ல வந்தான்; அவன் சொன்னால் அவள் எதை நம்பப் போகிறாள்? பொய் சொன்ன வாய் அது.

அவள் தரையில் கிடந்த தன் சுரூபத்தைப் பார்த்தபடி கேட்டாள். "அவன் கழுத்துல கட்டி அனுப்புனது எங்க?"

"கொளஞ்சி கொண்டாந்து குடுத்தான்."

"குடு."

அவன் கரண்டியைக் காட்டினான். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. "இதுலதான் இருக்குது" என்றான். "உருக்கிச் சேக்கச் சொல்லிட்டேன். உன் கையில வந்து சேரணும்னு..."

மந்திரித்த சுரூபத்தை உருக்குவது பாவம் என்று குப்பத்துக் குழந்தைக்கும் தெரியும். அவள் திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான். அவள் கரண்டியை எடுத்தாள். காம்பில் மட்டுமல்ல, குழி, விளிம்பு, எல்லா இடத்திலும் கட்டைவிரலால் தடவினாள், எங்கே இருக்கிறான் என்று தேடுகிறவள்போல. அப்புறம் அதை மாரோடு அணைத்துக்கொண்டு தரையில் சாய்ந்தாள். அப்போதுதான் அழுகைச் சத்தம் வந்தது. ஆயம்மா ஓடிவந்தாள், குப்பமே ஓடிவந்தது.

மறுநாள் விடியற்காலையில் பூசை. சாமியார் தனிஸ்லாஸ் பேரைப் படித்தபோது பிரான்சுவா தூணில் சாய்ந்துகொண்டான். பூசை முடிந்து அந்தோணிமேரி கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தாள். அவன் பின்னால் போனான். வெளியூரிலும் கடலிலும் செத்தவர்களுக்கு அங்கே கல்லறை கிடையாது; நடுவில் நிற்கிற பெரிய குருசின் அடியில்தான் அவர்களுக்கு மெழுகுவர்த்தி. அவள் மெழுகுவர்த்தி கொண்டுவரவில்லை. முந்தானைக்குள்ளிருந்து ஒரு செம்புப் பாலும் அந்தக் கரண்டியும் எடுத்தாள்.

"கடைசியா அவன் வாயில யாரு பால் ஊத்துனாங்களோ, ஊத்துனாங்களோ இல்லையோ" என்றாள், குருசைப் பார்த்து. சின்னப் பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரி, விளிம்பைச் செம்பில் வழித்துவிட்டு, சிந்தாமல் குனிந்து, மண்ணில் ஊற்றினாள். மண் உடனே குடித்துவிட்டது. இன்னொரு கரண்டி ஊற்றினாள். அப்புறம் திரும்பாமலே கரண்டியைப் பின்னால் நீட்டினாள்.

"நீயும் ஊத்து."

அவன் முட்டி போட்டான். பாதிப் பால் சட்டையில் சிந்தியது. மீதியை ஊற்றினான். "ஏ ராசா" என்று ஆரம்பித்தான், மேலே வரவில்லை. மழைக்காலத்திலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் அங்கேதான் வெளியே வந்தது. அவள் பக்கத்தில் நின்றாள்; அவனைத் தொடவுமில்லை, எழுந்திரு என்று சொல்லவுமில்லை.

வெயில் ஏறிவிட்டது. நேற்றிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர் குடித்திருக்கவில்லை. தோட்ட வாசலோரக் கிணற்றில் அவன் கரண்டியை மடியில் செருகிவிட்டு ஒரு வாளி இறைத்து, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவளிடம் வந்தான். அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள். உதடு வறண்டு வெடித்திருந்தது. தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகி முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பிறகு முந்தானையை இழுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். வெறும் செம்பு மட்டும் அவள் கையில் இருந்தது. கரண்டியை அவனிடமிருந்து அவள் திருப்பிக் கேட்கவில்லை. பிரான்சுவா அதை மடியிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் போனான்.